அந்த மரம் அங்கே இல்லை

"யா அல்லா!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டான் அயாஸ். கடையின் உள்பக்கம் அடித்த ஃபிளாஷ் நேரே வந்து அவன் முகத்தில் விழுந்திருந்தது. "அண்ணே, போட்டோ உள்ள உக்காந்திருக்கிறவருக்குத்தானே? என்னையும் சேத்து எடுத்துட்டீங்களா?"

"மன்னிச்சுக்க தம்பி. நடுத் திரையைச் சலவைக்குப் போட்டிருக்கு," என்றது உள்ளிருந்து ஒரு குரல். பின்னாலேயே ஆளும் வந்தார். கிளெமென்ட். நாகல் நகரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பது வயிற்றுப் பாட்டுக்கு. மனசுக்கு, 'மர நண்பர்கள்' என்று ஒரு சங்கம். திண்டுக்கல்லில் எவனாவது மரத்தில் ஆணி அடித்து விளம்பரத் தகடு மாட்டினால், ஏணியும் குறடுமாகப் போய் நின்று அதைப் பிடுங்கிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். இன்றைக்கு மனிதர் கண்ணெல்லாம் சிவந்து, சவரம் பண்ணாத முகத்தோடு நின்றார்.

துப்பறியும் மணிமேகலை உட்காரவில்லை. ஸ்கூட்டரைத் தவிர அவர் எங்கேயும் உட்கார மாட்டார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துக் காரணம் எழுதி எழுதி, ஐம்பது வயதில் வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக ஏஜென்சி தொடங்கியவர். ஆபீஸ், அயாஸுடைய அத்தாவின் பிரியாணிக் கடைக்கு மாடியில். கடையில் தேக்சா நிறையப் பிரியாணி கிண்ட வேண்டிய பிள்ளை மாடியேறிப் போய் உதவியாளன் ஆகிவிட்டானே என்று அத்தாவுக்கு இன்னும் ஆறவில்லை.

"மேடம், செம்பட்டி தாண்டி நிலக்கோட்டை ரோட்டுல ஒரு வளைவு. புளிய மரம் வரிசையா நிக்கும்ல?" கிளெமென்ட் கையைப் பிசைந்தார். "நாளைக்குக் காலையில ரம்பம் வைக்கிறாய்ங்க. அம்புட்டும் போகுது. திங்கக்கிழமை விடியக்காலையில பூ வேன் ஒண்ணு அதுல மோதிருச்சு. மரத்தாலதான் ஆபத்துன்னு வரிசையையே எடுக்கச் சொல்லிட்டாய்ங்க."

"டிரைவர் தூங்கிட்டாருன்னுல போலீஸ் சொல்லுது?"

"தூங்கினாருன்னும் சொல்றாய்ங்க, மரத்தையும் வெட்டுறாய்ங்க. ரோட்டுக்கு எதிர்த்தாப்புல அழகுராஜான்னு ஒருத்தன் புதுசா ஹோட்டல் கட்டியிருக்கான். போர்டை மரம் மறைக்குதுன்னு அவனுக்கு எரிச்சல். அவன்தான் ஏதோ செஞ்சிருக்கான், மேடம். அதை மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாப் போதும்."

"என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிப்பேன். யாருன்னு அப்புறமாத் தெரியும்," என்றார் மணிமேகலை. பேசிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். கடையின் குறுக்கே ஒரு நீளக் கம்பி. திரை இல்லாத அந்தக் கம்பியில் ஒற்றை இரும்பு வளையம் மட்டும் மிச்சமாகத் தொங்கியது. "சரி, போய்ட்டு வாரேன்," என்று படியிறங்கிவிட்டார். அயாஸ் இன்னும் கண்ணில் மிதந்த பச்சைப் புள்ளிகளைத் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடினான்.

அரசு மருத்துவமனையில் நல்லுசாமி கால் முழுக்கக் கட்டோடு படுத்திருந்தார். கண் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தது.

"தூங்க ஊசி போட்டாலும் கண்ணை மூட மாட்டேங்கிறார்," என்று சலித்துக்கொண்டு போனாள் நர்ஸ்.

"எப்படி மூடுறது? மூடினா, பாரு, இவன் எப்பவும் தூங்குறவன்தான்னு பேசுவாய்ங்க," என்றார் நல்லுசாமி. பூ வேன் ஓட்டியே தலை நரைத்தவர். "மேடம், நான் சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கிறான். அந்த மரம் அன்னைக்கு அங்க இல்ல."

"மரத்துக்கு அன்னைக்கு லீவாண்ணே?" என்றான் அயாஸ். மணிமேகலை திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

"சொல்லுங்க, அண்ணாச்சி. முழுசாச் சொல்லுங்க."

"இருட்டுல ஓட்டுறவனுக்கு ரோடு எங்க தெரியுது? மரம்தான் தெரியும். வெள்ளைப் பட்டை அடிச்சிருப்பாய்ங்கல்ல, அது வெளிச்சத்துல பளிச்சுப் பளிச்சுன்னு வரும். அதைப் பிடிச்சுக்கிட்டே போயிரலாம். அன்னைக்கு எதிர்ல ஒரு லாரிக்காரன், லைட்டை ஏத்திப் போட்டுக்கிட்டு வாரான். கண்ணு கூசுது. இடப்பக்கம் செத்த ஒதுங்கணும். பட்டை வந்துச்சு, வந்துச்சு, அப்புறம் இல்ல. சரி, இடம் கெடக்குன்னு ஒதுங்குனேன்." கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "அந்த இடத்துல மரம் நின்னுச்சு."

"போலீஸ்காரங்க போட்டோ எடுத்திருக்காங்க. அந்த மரத்துல பட்டை சுத்தமாத் தெரியுது."

"அதான் மேடம் எனக்கும் புரியல." அவர் குரல் இறங்கியது. "யோசிக்க யோசிக்க எனக்கே சந்தேகமாப் போச்சு. தூங்கித்தான் இருப்பேனோ? தூங்கினவனுக்குத் தூங்கினது எப்படித் தெரியும்?"

வெளி வராந்தாவில் அவர் மனைவி கண்ணம்மாள் தரையில் கருப்புத் துணி ஒன்றை நாலாக மடித்து விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தூக்குவாளி, ஒரு மாற்றுச் சேலை. அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்காரப் போன அயாஸின் கால் விரல் எதிலோ சிக்கியது. பார்த்தால் துணியோரத்தில் தைத்த இரும்பு வளையம்.

"பாத்து தம்பி. அவரை இதுல போட்டுத்தான் தூக்கியாந்தாங்க. கெட்டித் துணி. அலசிக் காயப்போட்டேன், கீழ விரிக்க ஆகுது," என்ற கண்ணம்மாள், மணிமேகலையிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தூங்கித்தான் இருப்பாரும்மா. முந்தின நாள் என் தம்பி வீட்டுல காதுகுத்து. நேரங்கழிச்சுத்தான் படுத்தாரு. ஒத்துக்கிட்டுப் போயிருங்கன்னா அடம் பிடிக்கிறாரு. வேன் ஓனரு இனிமே வண்டிச் சாவியைத் தொடாதேன்னு சொல்லிட்டாரு. தூங்கினவன்னு ஒரு தடவை பேர் ஆயிட்டா, அப்புறம் எவன் நம்பி வண்டி குடுப்பான்? ஸ்டீரிங்கைத் தவிர அவருக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா."

மணிமேகலை துணியையே பார்த்தபடி பையிலிருந்து ஒரு வறுத்த புளியங்கொட்டையை எடுத்து வாயில் போட்டுக் கடக்கென்று கடித்தார். அவருக்கு மூளை ஓடுகிற சத்தம் அதுதான் என்பது அயாஸுக்குத் தெரியும்.

மணிமேகலை ஸ்கூட்டர் ஓட்டுவதை ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள் மறு தடவை பஸ்ஸில்தான் வருவார்கள். அயாஸுக்கு அந்த வசதி இல்லை. செம்பட்டி தாண்டும்வரை தெரிந்த துவாவையெல்லாம் ஓதிக்கொண்டே வந்தான். நடுவில் அவன் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"கிளெமென்ட் அண்ணன்தான், அக்கா. அழகுராஜாவைப் பாத்தாச்சான்னு கேக்குறாரு. இதோட எத்தனையோ தடவை கேட்டுட்டாரு. கல்யாண வீட்டுல சாப்பாடு எப்பன்னு கேக்கிற சின்னப் புள்ளை மாதிரி."

"ம்," என்றார் மணிமேகலை.

வளைவு வந்தது. ரோட்டை மூடிப் பந்தல் போட்டாற்போலப் புளிய மரங்கள். உச்சி வெயிலில் வந்த உடம்பு நிழலுக்குள் நுழைந்ததும் அப்பாடா என்றிருந்தது. ஆனால் அப்பாடா என்று நிற்க விடவில்லை; மரத்தடியிலேயே ரம்பம் ஏற்றிய லாரி வந்து நின்றிருந்தது. வெட்டு ஆட்கள் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, டேப்பால் ரோட்டு விளிம்பை அளந்துகொண்டிருந்தாள் நெடுஞ்சாலைப் பொறியாளர் ஜீவிதா. முப்பதைத் தாண்டாத பெண்.

"மர நண்பர்கள் அனுப்பின ஆளுங்களா?" என்றாள் எடுத்த எடுப்பில். "திட்டுறதுன்னா சீக்கிரம் திட்டிட்டுப் போங்க. எனக்கு வேலை கெடக்கு."

"திட்ட வரலம்மா. கேக்க வந்தேன்."

ஜீவிதா டேப்பைச் சுருட்டினாள். "மரத்தை வெட்டச் சொன்னா நான் கொலைகாரி. வெட்டாம விட்டு நாளைக்கு ஒருத்தன் மோதிச் செத்தாலும் நான்தான் கொலைகாரி. என்னதான் பண்றது? நானும் இந்த நிழல்ல வண்டி ஓட்டிப் போறவதான். முதல்ல நான் கேட்டது ஒரே ஒரு மரம். இந்தா நிக்குது பாருங்க, இது மட்டும் தார் விளிம்பைத் தாண்டி ரோட்டுக்குள்ள துருத்திக்கிட்டு நிக்குது. இதை எடுத்துட்டு, மத்ததுக்குத் தாழ்ந்த கிளையைக் கழிச்சு, பட்டைக்குப் புதுசா வெள்ளை அடிச்சு, ஒளிர்ற தகடு வச்சுரலாம்னு எழுதிக் குடுத்தேன். வெட்ட வேண்டிய மரம்னு இதுல பெருக்கல் குறியும் போட்டாச்சு. அதுக்குள்ள திங்கக்கிழமை விபத்து. பட்டை தெரிஞ்சும் மோதியிருக்காருன்னா வெள்ளை அடிச்சுப் புண்ணியமில்ல, வரிசையே வேண்டாம்னு மேல முடிவாயிருச்சு."

வேன் மோதிய மரமும் அதே மரம்தான். அடியில் தோல் உரிந்து, உள் சதை சிவப்பாகத் தெரிந்தது. வெள்ளைப் பட்டை இடுப்பளவில் பளிச்சென்றுதான் இருந்தது. அதற்கு மேலே, ஆள் உயரத்தில், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். வேர் மடிப்பில் வேண்டுதலுக்கு விற்கிற சின்னத் தகர அரிவாள், காய்ந்த எலுமிச்சம்பழம்.

"இது என்ன சாமி?" என்றான் அயாஸ்.

"அரிவாளைப் பாத்தாக் கருப்பன்தான்," என்றாள் ஜீவிதா. "குறி போட்டோம்னா எங்கேயும் இப்படித்தான். ராவோட ராவா மஞ்சள் பூசி மரத்தைச் சாமியாக்கிருவாங்க. அப்புறம் வெட்டு ஆளு எவனும் ரம்பத்தைத் தொட மாட்டான். இவங்களும் நாளைக்கு ஒரு சேவலைக் காட்டிட்டுத்தான் கை வைப்போம்னு உக்காந்திருக்காங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவன் குரல் கொடுத்தான். "ஆனா ஒண்ணு மேடம். நான் பக்கத்து ஊரு. எங்களுக்கே தெரியாம எங்க எல்லையில ஒரு சாமி வந்து எறங்கியிருக்கு. யாரு கும்புட்டான்னு ஊருக்குள்ள கேட்டா ஒருத்தனும் நான் இல்லைங்கிறான்."

மணிமேகலை குனிந்து வேர் மடிப்பைப் பார்த்தார். விரல் நகத்தால் எதையோ சுரண்டி அயாஸின் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது.

"மெழுகு," என்றான் அயாஸ்.

"சூடம் கொளுத்துன கரி எங்கேயாவது இருக்கா பாரு."

இல்லை. எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. அயாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கருப்பனுக்கு மெழுகுவர்த்தியா? பிறந்தநாள் கொண்டாடியிருப்பாய்ங்களோ?"

மணிமேகலை சிரிக்கவில்லை. கடக். இன்னொரு புளியங்கொட்டை.

அயாஸ் மூக்கைச் சுருக்கினான். அடுத்த மரத்திலிருந்து ஒரு வாசனை. இருபது வருசம் சமையல்கட்டுப் பக்கத்தில் வளர்ந்த மூக்கு அவனுடையது, ஏமாறாது. போய்ப் பார்த்தான். அடிமரத்தில் துளை போட்டு, உள்ளே பழுப்பாக எதையோ திணித்து, களிமண் வைத்துப் பூசியிருந்தது. "அக்கா! பெருங்காயம்! மரத்தைப் பட்டுப்போக வைக்கிறதுக்கு வைப்பாய்ங்களே, அதேதான். மாட்டிக்கிட்டாரு அழகுராஜா!"

ரோட்டைத் தாண்டிய பத்தடியில் ஹோட்டல். கல்லாவில் உட்கார்ந்திருந்த அழகுராஜா கனத்த உடம்பு, கழுத்தில் ஈரத் துண்டு. அயாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போய் நின்றான். இத்தனை நாள் உதவியாளனாக இருந்தவன், இன்றைக்குக் கேஸைத் தானே முடித்துவிடப் போகிறான்.

"அண்ணாச்சி, புளிய மரத்துக்கும் பெருங்காயத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"ரசத்துக்கு ரெண்டும் வேணும்."

"விளையாடாதீங்க. மரத்துல துளை போட்டது யாரு?"

அழகுராஜா துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான்தான். என்ன இப்ப? கடனை வாங்கிக் கட்டுன ஹோட்டலு. போர்டு தெரியல, ஒரு வண்டி நிக்க மாட்டேங்குது. வயித்தெரிச்சல்ல வச்சேன். டப்பா டப்பாவா வச்சேன். என்ன ஆச்சு? இந்த வருசம்தான் அந்த மரம் சடை சடையாக் காச்சுத் தொங்குது. அம்புட்டையும் சாம்பார்ல போட்டிருந்தா நாலு பேரு நல்லாருக்குன்னாவது சொல்லியிருப்பான்."

மணிமேகலை முன்னால் வந்தார்.

"திங்கக்கிழமை விடியக்காலையில அடிபட்டவரைத் தூக்கினது யாரு?"

அழகுராஜாவின் முகம் மாறியது. "ஏன் கேக்குறீங்க?"

"நீங்கதான, அண்ணாச்சி?"

"ஆமா," என்றார் மெதுவாக. "சத்தம் கேட்டு நானும் என் மாஸ்டரும் ஓடினோம். ரோடு பூராவும் மல்லிகைப் பூ. அந்த ஆளு கால் மாட்டிக்கிட்டுக் கத்துறாரு. வெளிய இழுத்துட்டோம், தூக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. மரத்துல கருப்புத் துணி சுத்தியிருந்துச்சு. சாமித் துணி, தொடாதீங்கன்னு மாஸ்டர் கத்துறான். மனுசன் ரத்தமாக் கெடக்கான், சாமி கோச்சுக்கிட்டா என்கிட்டக் கோச்சுக்கட்டும்னு உருவி, அவரை அதுல போட்டு என் கார்லதான் கொண்டு போனேன்."

"போலீஸ்ல இதைச் சொல்லலையே?"

"துணியைப் பத்தி யாரும் கேக்கல. நானா எதுக்குச் சொல்லணும்? சாமித் துணியை உருவினவன் ஹோட்டல்னு தெரிஞ்சா எவன் வந்து இட்லி திம்பான்?"

"துணி எதுல இருந்து எதுவரைக்கும் சுத்தியிருந்துச்சு? கையால காட்டுங்க."

அழகுராஜா எழுந்து நின்று, ஒரு கையை முழங்காலிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்துக் காட்டினார்.

அயாஸ் திரும்பி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். எல்லா மரத்திலும் இடுப்பளவில் வெள்ளைப் பட்டை. வரிசையாக, பளிச்சுப் பளிச்சென்று. மணிமேகலையின் பக்கம் திரும்பினான். "அக்கா... பட்டையை மூடியிருந்துச்சு."

"கருத்த மரத்துல கருப்புத் துணி," என்றார் மணிமேகலை. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத் துணியை உருவின பிறகுதான் போலீஸ் வந்து போட்டோ எடுத்திருக்கு. அதுல பட்டை தெரியுது. விடியக்காலையில நல்லுசாமிக்குத் தெரியல. அந்த மனுசன் ஒரு பொய்யும் சொல்லலடா. அவரைப் பொறுத்தமட்டுல அந்த மரம் அங்க இல்ல."

"அப்ப மரத்தை வெட்டணும்னு நினைச்சவன் செய்யல..."

"காப்பாத்தணும்னு நினைச்சவன் செஞ்சிருக்கான். எந்தச் சாமிக்குக் கொளுத்துனாலும் மெழுகுவர்த்திதான் கைக்கு வரும், அப்படிப்பட்ட ஆளு. ஏறு வண்டியில."

போன் மறுபடி அதிர்ந்தது. அயாஸ் எடுத்தான். 'அழகுராஜாதானே தம்பி? அவன்தானே?' என்று அந்தப் பக்கம் குரல் கெஞ்சியது. அயாஸ் வழக்கம்போல ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தவன், "நேர்ல வாரோம்ணே," என்று வைத்துவிட்டான்.

ஸ்டூடியோ வாசலில் கால் வைத்ததும் மறுபடி பளீரென்று ஃபிளாஷ். இந்தத் தடவை அயாஸ் கண்ணைப் பொத்தவில்லை. அண்ணாந்து, அந்த வெறும் கம்பியையும் அதில் மிஞ்சிய ஒற்றை வளையத்தையும் பார்த்தான். காலையில் தன் கால் விரலில் சிக்கியது இதன் கூடப்பிறந்தது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சே, இவ்வளவு நேரம் கண் முன்னால்தானே தொங்கிக்கொண்டிருந்தது!

போட்டோ எடுக்க வந்தவர் போகும்வரை மணிமேகலை கடைக்குள் இங்குமங்கும் நடந்தார். பிறகு கேட்டார்: "திரை சலவையில இருந்து வந்துருச்சா, சார்?"

"நாளைக்கு... நாளைக்குத் தாரேன்னான்."

"வராது. அலசிக் காயப்போட்டு ஒரு பொம்பளை அதை ஆஸ்பத்திரித் தரையில விரிச்சிருக்கா. அவ புருஷனை அதுலதான் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

கிளெமென்ட் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். படம் எடுக்க வருபவர்கள் உட்காரும் ஸ்டூல். விளக்கு வெளிச்சம் முழுவதும் அவர் முகத்தில் விழுந்தது.

"குறி போட்டதைப் பாத்தேன்," என்றார். "மனசு பொறுக்கல. மனுவெல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. சாமியாக்கிட்டாத் தொட மாட்டாய்ங்கன்னு சங்கத்துல ஒருத்தர் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல சாயங்காலப் பூசை முடிச்சுட்டு அப்படியே போனேன். பெரிய மரம், சேலைத்துணி பத்தாதுன்னு இந்தத் திரையை எடுத்துட்டுப் போய்க் கட்டினேன். கருப்பனுக்குக் கருப்புன்னு நினைச்சேனே தவிர, பட்டையை மறைக்குதேன்னு புத்திக்கு எட்டல, மேடம். சத்தியமா எட்டல."

"மெழுகுவர்த்தி?" என்றான் அயாஸ்.

"சாமின்னு வச்சாச்சு. சும்மா விட்டுட்டு வர மனசு கேக்கல தம்பி. கோயில்ல ஏத்தினது போக ஒண்ணு பையில இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஏத்திட்டு, இந்த மரத்தைப் பாத்துக்கப்பான்னு சொல்லிட்டு வந்தேன்."

அயாஸுக்கு இந்த ஆள் மீது கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "அப்புறம் எங்களை எதுக்குண்ணே கூப்பிட்டீங்க? நீங்களே எலியை விட்டுட்டு நீங்களே பொறி வாங்க வந்திருக்கீங்களே!"

"வேற காரணம் இருக்கும்னு யாராவது சொல்லணும்ல? விபத்துன்னு கேட்டதுல இருந்து தூங்கல. அழகுராஜாதான்னு நீங்க சொல்லிட்டா, நான் இல்லைன்னு ஆயிரும்ல? அதுக்குத்தான் ஆள் வச்சேன்." அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "இதை வெளிய சொன்னா, மரத்துக்குப் பேசுறவன்தான் ஆளை முடமாக்கினான்னு ஊரே காறித் துப்பும். இனிமே இந்த ஊர்ல ஒரு மரத்துக்கும் நான் வாயைத் திறக்க முடியாது."

"திறக்கலைன்னா நாளைக்கே வரிசை போகுது," என்றார் மணிமேகலை. குரலில் இரக்கம் இருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "பட்டை தெரிஞ்சும் மோதினாருன்னுதான அம்புட்டையும் வெட்டுறாங்க? பட்டை தெரியலைன்னு ஆயிட்டா அந்தக் காரணமே போச்சு. ஆனா சார், மரத்துக்காகச் சொல்லாதீங்க. நல்லுசாமின்னு ஒருத்தரு, தான் தூங்கிட்டோமான்னு தனக்கே தெரியாமப் படுத்துக் கெடக்காரு. நீங்க வாயைத் திறக்கலைன்னா காலத்துக்கும் அவரு தூங்கினவரு."

கிளெமென்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மணிமேகலை அங்கேயே நின்று ஜீவிதாவைப் போனில் பிடித்துச் சொன்னார். ஸ்பீக்கரில் லாரிச் சத்தத்தோடு அவள் குரல் கேட்டது.

"நீங்க சொல்றதை அவரு போலீஸ்ல எழுதிக் குடுக்கட்டும். அதை வச்சு இன்னைக்கே நிறுத்தி வைக்கச் சொல்றேன்," என்றாள் ஜீவிதா. "வரிசை நிக்கும், நான் பேசுறேன். ஆனா அந்த ஒரு மரம் போகணும் மேடம். அது ரோட்டுக்குள்ள நிக்குது. அதை நான் விட்டுட்டு நிம்மதியாத் தூங்க முடியாது."

கிளெமென்ட் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தபடி சுவரைப் பார்த்தார். அங்கே அவர் எடுத்த படங்களில் அந்த மரமும் இருந்தது. "அது போகட்டும்," என்றார்.

சாயங்காலம் மருத்துவமனையில் பார்வையாளர் கூட்டம் நெரிந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். கிளெமென்ட் நல்லுசாமியின் கால்மாட்டில் போய் நின்றார். கண்ணம்மாளும் உள்ளே வந்து நின்றார். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததையெல்லாம் விட்டுவிட்டு, மனிதர் நேராகவே சொன்னார்.

"அந்தக் கருப்புத் துணி என்னுதுங்க. நான்தான் மரத்துல கட்டினேன். வெள்ளைப் பட்டை அதுக்குள்ள போயிருச்சு."

நல்லுசாமியின் உதடு மட்டும் அசைந்தது. அந்த வளைவை அவர் மறுபடி ஓட்டிப் பார்க்கிறார் என்று அயாஸுக்குத் தோன்றியது.

"பட்டை மூடியிருந்துச்சா?"

"ஆமாங்க."

"அப்ப நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்."

"ஆமாங்க. தப்பு என் மேல."

"இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. கண்ணம்மா கேக்கட்டும்."

கிளெமென்ட் சத்தமாகச் சொன்னார். ஆரஞ்சு உரித்த கைகளெல்லாம் நின்றன. கண்ணம்மாள் இரண்டு எட்டில் வந்து கிளெமென்டின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடித்துவிடுவார் என்றுதான் அயாஸ் நினைத்தான். பிடித்துத் தடுக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. "கட்டுன புருஷனை நானே நம்பலையேய்யா! தூங்கிட்டேன்னு ஒத்துக்கன்னு இந்த வாயாலதானய்யா சொன்னேன்!" என்று கத்திவிட்டு, சட்டையை விட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு வராந்தாவுக்குப் போனார். கருப்புத் துணியைச் சுருட்டி எடுத்து வந்து கிளெமென்ட் கையில் திணித்தார்.

"இதோட போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. இங்க சொன்னதை அங்கயும் சொல்லுங்க. இம்புட்டுச் சத்தமாச் சொல்லுங்க."

"போறேன்மா," என்றார் கிளெமென்ட்.

"நாங்களும் கூட வாரோம்," என்றார் மணிமேகலை. அப்போதுதான் அயாஸ் கவனித்தான்: அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டரைத் தவிர அவர் எங்கேயும் உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. அதைச் சொல்லிக் கிண்டல் பண்ண வாயைத் திறந்தான்.

"உஸ்ஸ்!" என்று அதட்டினார் கண்ணம்மாள். அழுத கண்ணோடு கட்டிலைக் காட்டினார். நல்லுசாமியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. லேசான குறட்டை.

"யாரும் சத்தம் போடாதீங்க," என்றார் வார்டு முழுவதற்கும் கேட்கிற மாதிரி. "மனுசன் இப்பத்தான் தூங்குறாரு."